வேகப் பரிசோதனையில் பிங் 14, ஆட்டத்துக்குள் 400. நடுநடுவே துண்டிப்பு வேறு. எங்கே தப்பு?

#1 தூக்கம்கெட்டவன்

இரண்டு வாரமாக ஒரே தலைவலி. வேகப் பரிசோதனை வைத்தால் டவுன்லோட் 200, அப்லோட் 20, பிங் (செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், மில்லிசெகண்டில்) 14 என்று எல்லாம் பச்சையாகக் காட்டுகிறது. ஆட்டத்துக்குள் போனாலும் முதல் ஒரு மணி நேரம் குறை ஒன்றும் இல்லை. ராத்திரி பத்து மணி வாக்கில்தான் ஆரம்பிக்கும். பத்தடி ஓடினால் எட்டடி பின்னால் இழுத்து நிறுத்துகிறது. எதிரி நிற்கிற இடத்தைப் பார்த்துச் சுட்டால் அவன் அங்கே இல்லை. நான் செத்த பிறகுதான் அவன் ஓடி வந்ததே திரையில் தெரிகிறது. மூலையில் பிங் 380, 410 என்று சிவப்பில் நிற்கும். நாலைந்து நிமிடத்தில் தானாகச் சரியாகும், மறுபடி வரும்.

இது போதாதென்று ராத்திரிக்கு ஒருமுறையோ இருமுறையோ அடியோடு அறுந்துவிடுகிறது. 'சர்வருடன் தொடர்பு இல்லை' என்று வெளியே தள்ளிவிடும். ஒரு நிமிடம் கழித்து எல்லாம் வந்துவிடும். அதற்குள் ரேங்க் ஆட்டம் போயிருக்கும், பாதியில் ஓடியவன் என்று அரை மணி நேரத் தடையும் விழும். போன வாரம் மட்டும் நான்கு தடை. குழுவில் என்னைச் சேர்க்கவே இப்போது யோசிக்கிறார்கள்.

செய்து பார்த்தவை: ரவுட்டரை அணைத்துப் போட்டேன். ஆட்டத்தை அழித்து மறுபடி முழுசாக இறக்கினேன். கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தேன். லேப்டாப் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இருக்கிறது. ரவுட்டர் கூடத்தில், நான் இரண்டு சுவர் தள்ளி உள்ளறையில். இணைப்புக் கொடுத்தவர்களைக் கூப்பிட்டால் 'எங்கள் பக்கம் எல்லாம் சரி' என்று வைத்துவிடுகிறார்கள்.

#2 வேகப்பிரியன்

டிஎன்எஸ்ஸை 1.1.1.1 என்று மாற்றுங்கள் ப்ரோ. விண்டோஸின் உள்ளமைப்புப் பட்டியலான ரெஜிஸ்ட்ரியில் டிசிபி அமைப்பு ஒன்று இருக்கிறது, அதையும் மாற்றுங்கள். எனக்கு அதைச் செய்ததும் ஆட்டம் வெண்ணெய் மாதிரி ஓடியது. கேம் பூஸ்டர் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பிளானை 500க்கு ஏற்றிவிடுங்கள், முடிந்தது.

#3 கம்பிவடம்

கொஞ்சம் பொறுங்கள், அதற்குள் பிளானை ஏற்றிவிடாதீர்கள்.

டிஎன்எஸ்ஸின் வேலை, சர்வரின் பெயரைக் கொடுத்தால் அதன் ஐபி எண்ணைத் தருவதோடு முடிந்தது. ஆட்டம் தொடங்கிய பிறகு அது பக்கத்திலேயே வராது. அதை மாற்றினால் ஆட்டத்தின் பிங் குறைய வழியில்லை. பிளானும் அப்படித்தான். ஆட்டத்தில் போய்வருவது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள் என்கிற துணுக்குச் செய்திகள்தான். பெரும்பாலான ஆட்டங்களுக்கு ஒரு எம்பிபிஎஸ்ஸே தாராளம். 200க்கும் 500க்கும் அங்கே வித்தியாசம் தெரியாது.

லேக் என்று நாம் ஒரே பேரில் சொல்வது உண்மையில் நாலு தனித்தனி நோய். கணினி திணறிப் படம் விட்டு விட்டு ஓடுவது ஒன்று. அதில் பிங் எண் அசையாது, ஃபிரேம் எண்தான் விழும். பாக்கெட், அதாவது அந்தத் துணுக்குச் செய்தி, போய்த் திரும்ப எடுக்கும் நேரம் கூடுவது இன்னொன்று. அந்த நேரம் ஒரு சீராக இல்லாமல் 20, 90, 35 என்று ஆடுவது ஜிட்டர். பாக்கெட் போய்ச் சேராமலே தொலைவது நாலாவது. என் அனுபவத்தில் நிலையான 80 பிங்கில் நிம்மதியாக ஆடிவிடலாம், 20க்கும் 150க்கும் இடையே ஆடுகிற பிங்கில் முடியாது. கை பழக ஒரு எண் நிலையாக நிற்க வேண்டாமா?

நீங்கள் சொன்னதைப் பார்த்தால் எனக்கு இரண்டு சந்தேகம் வருகிறது. ஊகத்தில் சொல்ல விருப்பமில்லை. இன்று ராத்திரி ஆடுவதற்கு முன் இரண்டு கருப்புச் சன்னல்களை (கமாண்ட் பிராம்ப்ட்) திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் ரவுட்டருக்கு, அதாவது 192.168.1.1 அல்லது உங்கள் ரவுட்டரின் முகவரி எதுவோ அதற்கு, நிற்காமல் பிங் ஓடட்டும். இன்னொன்றில் வெளியே இருக்கிற 1.1.1.1க்கு. விண்டோஸில் கடைசியில் சிறுகோடும் டி எழுத்தும் சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடும். லேக் வரும்போது எந்தச் சன்னலில் எண் ஏறுகிறது என்று பாருங்கள். மணியைக் குறித்து வையுங்கள். ஒரு கேள்வி: அந்த நேரத்தில் வீட்டில் வேறு யார், என்ன செய்கிறார்கள்?

#4 வேகப்பிரியன்

ரெஜிஸ்ட்ரி விஷயம் எனக்கு நிஜமாகவே வேலை செய்தது. சும்மா சொல்லவில்லை.

#5 பழைய மோடம்

எந்த ஆட்டத்தில் என்று சொல்லுங்கள் வேகப்பிரியன், அதில்தான் சூட்சுமம்.

#6 வேகப்பிரியன்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்.

#7 பழைய மோடம்

அப்படியானால் உங்களுக்குப் பலன் கிடைத்திருக்கலாம், மறுக்கவில்லை. அது டிசிபியில், அதாவது எதையும் விடாமல் வரிசைப்படி கொண்டுசேர்க்கிற முறையில், ஓடுகிற ஆட்டம். டிசிபியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் அதை மறுபடி அனுப்பி வாங்கும்வரை பின்னால் வந்தவை எல்லாம் வரிசையில் காத்து நிற்கும். கூடவே சின்னச் சின்ன பாக்கெட்டுகளைச் சேர்த்து வைத்து மொத்தமாக அனுப்பும் ஒரு பழக்கமும் டிசிபிக்கு உண்டு. 1984இல் ஜான் நாகிள் எழுதிவைத்தது. அன்றைய மெல்லிய இணைப்புகளுக்கு அது வரப்பிரசாதம். எதிர்முனையோ 'கிடைத்தது' என்று உடனே சொல்லாமல் கொஞ்சம் தாமதித்துச் சொல்லும். இரண்டும் சேர்ந்தால் ஆட்டத்துக்குக் கெடுதல். நீங்கள் மாற்றியது அந்தத் தாமதத்தைத்தான்.

ஆனால் சுடுகிற ஆட்டங்கள் அநேகமாக யுடிபியில் ஓடுபவை. தொலைந்தது தொலைந்ததுதான், அடுத்த பாக்கெட்டில் புதிய நிலவரம் வந்துவிடும் என்று விட்டுவிடும். அங்கே அந்த ரெஜிஸ்ட்ரி வரி ஒரு சுண்டைக்காய்க்கும் உதவாது. மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பு டிசிபி. அதனால்தான் அதில் பாக்கெட் தொலைந்தால் உலகமே ஒரு கணம் உறைந்து, பிறகு எல்லாம் ஒரே மூச்சில் ஓடிவருகிறது. யுடிபி ஆட்டத்தில் உறையாது, ஆள்தான் இங்கிருந்து அங்கே தாவுவான்.

கேம் பூஸ்டர் பற்றி நான் பேசப் போவதில்லை, இரத்த அழுத்தம் ஏறும்.

#8 தூக்கம்கெட்டவன்

கம்பிவடம் சொன்னபடி இரண்டு ராத்திரி பிங் ஓடவிட்டேன். குறிப்பு இதோ.

முதல் ராத்திரி 10:05க்கு லேக் ஆரம்பம். ரவுட்டருக்குப் போகும் பிங் 2, 3, 2, 2. அசையவே இல்லை. 1.1.1.1க்குப் போவது 15இலிருந்து ஒரே தாவாக 390, 402, 411. 10:09க்கு மறுபடி 15. 10:14க்கு மறுபடி ஏறியது. இப்படி 11 மணிவரை.

இரண்டாம் ராத்திரியும் அதே கதை. கூடவே 11:20க்குத் துண்டிப்பு. அப்போது இரண்டு சன்னலிலும் பதிலே இல்லை, ரவுட்டர்கூடப் பேசவில்லை! லேப்டாப்பில் வைஃபை பட்டியலைத் திறந்தால் எங்கள் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரையே காணோம். 2.4 பெயர் மட்டும் இருந்தது. ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனதும் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரும் திரும்பி வந்தது.

வீட்டில் யார் என்று கேட்டீர்கள். அக்கா பத்து மணிக்கெல்லாம் தூங்கப் போய்விடுவாள். வேறு யாரும் இல்லை.

#9 கம்பிவடம்

அருமையான குறிப்பு. இப்படி எழுதினால் பாதி வேலை முடிந்த மாதிரி. உங்களுக்கு இருப்பது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு கோளாறுகள். இரண்டையும் ஒன்றாக நினைத்ததால்தான் எதுவும் பிடிபடவில்லை.

முதல் கோளாறு: ரவுட்டர்வரை 2, வெளியே 400. அதாவது வைஃபை குற்றவாளி இல்லை. ரவுட்டருக்கும் வெளி உலகத்துக்கும் நடுவே எங்கோ வரிசை கட்டி நிற்கிறது. என் கணிப்பு, அது உங்கள் ரவுட்டர் அல்லது மோடத்தின் அப்லோட் வரிசைதான். இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் தன் வீட்டு இணைப்பு இப்படித் திணறுவதைத் தோண்டிப் போய் இந்தப் பெயரை வைத்தார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் அப்லோட் நொடிக்கு 20 மெகாபிட். மோடத்தில் ஒரு மெகாபைட் அளவுக்குக் காத்திருப்பு வரிசை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மெகாபைட் என்றால் 8 மெகாபிட். அது காலியாக 8 வகுத்தல் 20, அதாவது 0.4 நொடி. 400 மில்லிசெகண்ட்! யாரோ பெரிய கோப்பு ஒன்றை மேலே ஏற்றினால் அந்த வரிசை விளிம்புவரை நிரம்பும். உங்கள் துணுக்கு பாக்கெட் அதன் வாலில் போய் நின்று தன் முறைக்காகக் காத்திருக்கும். ஒன்றும் தொலையவில்லை, எல்லாம் தாமதமாகத்தான் போகிறது. அதனால்தான் உங்கள் ஆள் பின்னால் இழுபடுகிறான். நீங்கள் ஓடினது சர்வருக்கு இன்னும் தெரியாது. தெரிந்ததும் தன் கணக்குப்படி உங்களைத் திருப்பி நிறுத்துகிறது.

வேகப் பரிசோதனையில் காட்டும் 14 உண்மைதான். ஆனால் அது இணைப்பு சும்மா இருக்கும்போது எடுத்த அளவு. சில பரிசோதனைத் தளங்கள் டவுன்லோட், அப்லோட் ஓடும்போதே பிங் என்ன என்று தனியாகக் காட்டும். அந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே கேள்வி ஒன்றுதான்: பத்து மணிக்கு எது அப்லோட் செய்கிறது? அக்கா தூங்கலாம். அவருடைய போன் தூங்குகிறதா?

#10 பழைய மோடம்

இரண்டாவது கோளாறு என் பாடம். 5 கிகாஹெர்ட்ஸ் பெயரே மறைந்து, ஒரு நிமிடம் கழித்து வருகிறது என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே கூத்தை நானும் மூன்று மாதம் அனுபவித்தேன். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் சேனல் எண் என்ன என்று பாருங்கள். 52க்கும் 144க்கும் இடையே இருந்தால் அதுதான்.

அந்தச் சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துகின்றன, வானிலை ரேடார் உட்பட. அதனால் பல நாடுகளில் விதி என்னவென்றால், ரவுட்டர் ரேடாரின் துடிப்பைக் கேட்டால் அந்தச் சேனலை விட்டு உடனே வெளியேற வேண்டும். அரை மணி நேரம் திரும்பி வரக் கூடாது. போகிற புதிய சேனலும் இதே வகை என்றால், அங்கே ஒரு நிமிடம் வாயைத் திறக்காமல் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் ஒலிபரப்பலாம். உங்கள் 'ஒரு நிமிடம்' அதுதான். டிஎஃப்எஸ் என்று ரவுட்டரில் எழுதியிருக்கும்.

வேடிக்கை என்னவென்றால் பக்கத்தில் ரேடாரே இல்லாவிட்டாலும் சில ரவுட்டர்கள் வேறு ஏதோ இரைச்சலைக் கேட்டு ரேடார் என்று பயந்து ஓடும். ரவுட்டரின் பதிவேட்டில் 11:20க்கு நேராக ரேடார் என்று ஒரு வரி இருந்தால் கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. சேனலைத் தானியங்கியிலிருந்து எடுத்து 36 முதல் 48க்குள் ஒன்றை நீங்களே போட்டுவிடுங்கள்.

#11 சிவப்புப்பட்டை

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும், தனி இழை தொடங்கச் சோம்பல். கன்சோலில் ஆடுகிறேன். என் பிங் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாட் (NAT, பல சாதனங்கள் ஒரே பொது முகவரியைப் பகிரும் ஏற்பாடு) 'ஸ்ட்ரிக்ட்' என்கிறது. நண்பன் அழைத்தால் சேர முடியவில்லை, சேர்ந்தாலும் அவன் குரல் எனக்குக் கேட்காது, மூன்றாமவனுக்குக் கேட்கும். 3074 போர்ட்டைத் திறந்து பார்த்தேன், போர்ட்டைத் தானாகத் திறக்கும் யுபிஎன்பியும் போட்டேன். ஒன்றும் அசையவில்லை. கம்பிவடம் அண்ணா, வழி உண்டா?

#12 கம்பிவடம்

ரவுட்டரின் முகப்புப் பக்கத்தில் வான் (WAN) முகவரி, அதாவது வெளிப்பக்க முகவரி, என்று ஒன்று இருக்கும். அது எந்த எண்ணில் தொடங்குகிறது?

#13 சிவப்புப்பட்டை

100.72 என்று தொடங்குகிறது.

#14 ஏழாம்படை

நான் நெட்வொர்க் வேலையில் இருப்பவன், இதைச் சொல்லிவிடுகிறேன். 100.64 முதல் 100.127 வரையுள்ள முகவரிகள் பொது இணையத்தைச் சேர்ந்தவை அல்ல. 2012இல் சேவை நிறுவனங்களுக்கென்றே ஒதுக்கியது. ஐபிவி4 முகவரிகள் தீர்ந்துபோனதால் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வீடுகளை உட்காரவைக்கிறார்கள். சிஜிநாட் என்பது இதுதான். உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும், வெளியே இருக்கிற பெரிய கதவு உங்கள் கையில் இல்லை. இரண்டு வீட்டுக் கன்சோல்கள் நேரடியாகப் பேச வேண்டிய ஆட்டங்களில்தான் இந்த வலி. எல்லாரும் நடு சர்வரோடு பேசும் ஆட்டங்களில் பெரும்பாலும் தெரியாது.

செய்யக்கூடியது: சேவை நிறுவனத்திடம் பொது ஐபிவி4 முகவரி கேளுங்கள், சிலர் கேட்டால் தருவார்கள். ஐபிவி6 இருந்தால் ரவுட்டரில் இயக்குங்கள். உங்கள் ஆட்டம் அதை ஏற்றால் தொல்லை பாதி தீரும். இன்னொன்று, வான் முகவரி 100 என்று இல்லாமல் 192.168 என்றோ 10 என்றோ தொடங்குகிறவர்கள் முதலில் வீட்டுக்குள் பாருங்கள். அநேகமாக அவர்கள் கொடுத்த மோடமும் நீங்கள் வாங்கிய ரவுட்டரும் ஒன்றின் பின் ஒன்றாக நாட் செய்துகொண்டிருக்கும். முன்னதை, நாட் செய்யாமல் அப்படியே கடத்திவிடும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றினால் போதும்.

#15 மின்மினி

எனக்கும் லேக். நான் தெளிவாகவே சோதித்துவிட்டேன். சர்வர்வரை வழியில் உள்ள ஒவ்வொரு ரவுட்டரையும் படிப்படியாகச் சோதிக்கும் எம்டிஆர் ஓட்டினேன், ஐந்தாவது படியில் 70 விழுக்காடு பாக்கெட் இழப்பு. படத்தோடு புகார் கொடுத்தேன், கண்டுகொள்ளவில்லை. இவர்களை என்ன செய்வது?

#16 ஏழாம்படை

கடைசிப் படியில், அதாவது ஆட்ட சர்வரில், எத்தனை விழுக்காடு?

#17 மின்மினி

அங்கே சுழியம். ஆனால் ஐந்தில் 70 இருக்கிறதே!

#18 ஏழாம்படை

அப்படியானால் இழப்பே இல்லை. ஐந்தாவது ரவுட்டர் உங்கள் பாக்கெட்டுகளை ஒழுங்காகக் கடத்திவிடுகிறது. 'நீ உயிரோடு இருக்கிறாயா' என்று அதையே கேட்டால்தான் பதில் சொல்லச் சுணங்குகிறது. அதற்கு அது கடைசி வேலை. உண்மையில் பாக்கெட் அங்கே தொலைந்தால் ஆறு, ஏழு, எட்டு என்று கடைசிவரை அந்த இழப்பு தொடரும். நடுவில் ஒரு படி மட்டும் சிவப்பு என்றால் விட்டுவிடுங்கள். இந்தப் படத்தை வைத்துக்கொண்டு தினமும் எங்களோடு சண்டைக்கு வருபவர்கள் உண்டு, அதனால் கொஞ்சம் சூடாகச் சொல்லிவிட்டேன்.

உங்கள் பிங் எத்தனை? சர்வர் எவ்வளவு தூரத்தில்?

#19 மின்மினி

110. சர்வர் சுமார் 8000 கிலோமீட்டர் இருக்கும். நண்பர்கள் அந்தப் பகுதியில் ஆடுகிறார்கள்.

#20 ஏழாம்படை

அங்கே புகாருக்கு இடமே இல்லை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். 8000 போய் 8000 திரும்ப 80 மில்லிசெகண்ட், கம்பி நூல் பிடித்த மாதிரி நேராகப் போனால். கடலுக்கடியில் எந்தக் கம்பியும் அப்படிப் போவதில்லை. 110 என்பது நல்ல எண். இதே தூரத்துக்கு 250 காட்டினால் பாதை எங்கோ சுற்றுகிறது என்று அர்த்தம். அந்த ஒரு நிலையில் மட்டும் விபிஎன் உதவலாம், பாக்கெட்டை வேறு வழியாகத் திருப்பிவிடுகிறதே. மற்றபடி விபிஎன் போட்டால் பிங் குறையும் என்பது வீண் ஆசை.

#21 தூக்கம்கெட்டவன்

கண்டுபிடித்துவிட்டேன்!

அக்கா படுக்கும்போது போனைச் சார்ஜில் போடுகிறாள். சார்ஜும் வைஃபையும் சேர்ந்ததும் அன்று எடுத்த படம், காணொளி எல்லாவற்றையும் அது மேகத்துக்கு ஏற்றத் தொடங்குகிறது. ஒவ்வொரு காணொளியும் ஏற நாலைந்து நிமிடம். இடையில் ஓய்வு, அப்புறம் அடுத்தது. என் குறிப்பில் இருந்த 10:05, 10:14 எல்லாம் அந்தச் செயலியின் பட்டியலோடு அப்படியே பொருந்துகிறது. அவளிடம் சொன்னேன். 'உன் விளையாட்டுக்கு என் படத்தை நிறுத்தணுமா' என்று ஒரே கேள்வி. பதில் இல்லை.

ரவுட்டர் சேனல் 100. பதிவேட்டில் 11:20க்கு ரேடார் என்றே எழுதியிருக்கிறது. பழைய மோடம், உங்களுக்குக் கோயில் கட்டலாம். உடனே 36க்கு மாற்றிவிட்டேன்.

#22 கம்பிவடம்

அக்கா கேட்டது நியாயம்தான். நிறுத்த வேண்டியதில்லை.

ரவுட்டரில் வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி, எஸ்கியூஎம் (SQM) அல்லது கேக் (CAKE) என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி என்கிற மாற்று மென்பொருள் போடக்கூடிய ரவுட்டர் என்றால் நிச்சயம் சேர்த்துக்கொள்ளலாம். அப்லோட் எல்லையை 20க்குப் பதில் 18 என்று கொடுங்கள். ஏன் குறைக்க வேண்டும் என்றால், நெரிசல் மோடத்தின் முட்டாள் வரிசையில் உண்டாகாமல் ரவுட்டரின் புத்திசாலி வரிசையில் உண்டாக வேண்டும். அங்கே ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை. அக்காவின் காணொளி ஒரு வரிசை, உங்கள் ஆட்டம் ஒரு வரிசை. மாறி மாறி ஆளுக்கொரு வாய்ப்பு. துணுக்கு பாக்கெட் காணொளியின் வாலில் நிற்க வேண்டியதில்லை. பத்து விழுக்காடு வேகத்தை விட்டுக்கொடுத்து 380 மில்லிசெகண்ட் வாங்குகிறீர்கள். இதைவிட லாபமான பேரம் இந்தத் துறையில் நான் பார்த்ததில்லை.

ரவுட்டரின் பிராசஸர் மெலிந்ததாக இருந்தால் 200ஐ இப்படி வரிசைப்படுத்தத் திணறும். அப்லோடுக்கு மட்டும் போட்டால் போதும், உங்கள் தொல்லை அங்கேதான். 'கேமிங் மோட்' என்று பொத்தான் வைத்த ரவுட்டர்கள் உண்டு. சிலவற்றில் உள்ளே இதே சரக்குதான், சிலவற்றில் விளக்கு நிறம் மாறுவது மட்டும்தான்.

#23 வேகப்பிரியன்

சரி, டிஎன்எஸ் விஷயத்தில் நான் சொன்னது தப்புதான். ஒரு சந்தேகம் கேட்கலாமா? எனக்கு வாலரண்டில் பிங் 25, இழப்பு இல்லை, ஜிட்டர் இல்லை. ஆனாலும் சுவருக்குப் பின்னால் முழுசாக மறைந்த பிறகும் சாகிறேன். இது எந்த நோய்?

#24 பழைய மோடம்

இது நோய் இல்லை, நியாயம். சுட்டவன் திரையில் நீங்கள் இன்னும் மறையவில்லை. உங்கள் நகர்வு சர்வருக்குப் போய், அங்கிருந்து அவனுக்குப் போவதற்குள் கொஞ்ச நேரம் பழசாகிவிடுகிறது. அவன் பழைய உங்களைத்தான் பார்த்துச் சுடுகிறான். சர்வர் கடிகாரத்தைப் பின்னால் திருப்பி, அவன் சுட்ட கணத்தில் அவன் திரையில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறது. அப்படிச் செய்யாவிட்டால் ஓடுகிற ஆளுக்கு எப்போதும் ரெண்டடி முன்னால் குறிவைத்தே எல்லாரும் சுட வேண்டியிருக்கும். உங்களுக்கு 25 என்றாலும் அவனுக்கு 90 இருக்கலாம். அவனுடைய 90இன் விலையில் ஒரு பங்கை நீங்கள் கட்டுகிறீர்கள்.

டிக் வீதமும் இதில் சேரும். வாலரண்ட் சர்வர் நொடிக்கு 128 முறை உலகத்தைக் கணக்கிடுகிறது, ஒரு டிக்குக்கு 8 மில்லிசெகண்ட்கூட இல்லை. மைன்கிராஃப்டில் 20 முறைதான், டிக்குக்கு 50. அங்கே பிங் 5 என்றாலும் அந்த 50க்குள் நுணுக்கம் கிடையாது.

மறந்துவிடப் போகிறேன்: களத்தில் இருக்கிற எல்லாருக்கும் ஒரே நேரத்தில் லேக் என்றால் உங்கள் வீட்டில் எதையும் தொடாதீர்கள். சர்வர் திணறுகிறது. அரட்டையில் ஒரு வரி கேட்டால் தெரிந்துவிடும்.

#25 தூக்கம்கெட்டவன்

நல்ல செய்தியும் கெட்ட செய்தியும்.

நல்லது: அப்லோடுக்கு 18 எல்லை போட்டாயிற்று. அக்காவின் படங்கள் ஏறும்போதே பிங் 16 முதல் 21. என் கண்ணையே நம்ப முடியவில்லை.

கெட்டது: நேற்று மறுபடி துண்டிப்பு. சேனல் 36இல்தான் இருந்தேன்! பதிவேட்டில் அதே ரேடார். 36இல் வராது என்றீர்களே?

#26 பழைய மோடம்

சேனல் அகலம் எத்தனை வைத்திருக்கிறீர்கள்? 160 என்று இருந்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்கிறேன், அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

#27 தூக்கம்கெட்டவன்

160 மெகாஹெர்ட்ஸ். அதிகம்தானே நல்லது என்று விட்டுவிட்டேன்.

#28 பழைய மோடம்

கோயிலைக் கட்ட வேண்டாம். 36இல் 160 அகலம் வைத்தால் அது 36 முதல் 64வரை பாயை விரித்து உட்காரும். 52 முதல் 64வரை ரேடார் பகுதி. பெயரில் 36, காலை நீட்டியது அங்கே. 80க்குக் குறையுங்கள், 36 முதல் 48க்குள் அடங்கிவிடும். 200 எம்பிபிஎஸ் இணைப்புக்கு 80 தாராளம்.

இன்னொன்று. ஆட்டம் முக்கியமென்றால் கடைசியில் கேபிள்தான். வைஃபையில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் வாயை மூட வேண்டும், பக்கத்து வீட்டு ரவுட்டர் பேசினாலும்தான். போதாக்குறைக்கு லேப்டாப் வேறு அவ்வப்போது ஆட்டத்தின் நடுவிலேயே 'அக்கம்பக்கத்தில் வேறு நல்ல நெட்வொர்க் இருக்கிறதா' என்று மற்ற சேனல்களை எட்டிப் பார்த்துவிட்டு வரும். சீரான இடைவெளியில் ஒரு நொடி மட்டும் பிங் தூக்கினால் அதைச் சந்தேகப்படலாம்.

#29 சிவப்புப்பட்டை

இடையில் ஒரு தகவல்: பொது முகவரி கேட்டேன், இரண்டு நாளில் கொடுத்துவிட்டார்கள். இப்போது நாட் 'ஓப்பன்'. நண்பன் குரல் கேட்கிறது. கேட்காமல் இருந்ததே நல்லது என்று தோன்றுகிறது, அவ்வளவு பேசுகிறான்.

#30 தூக்கம்கெட்டவன்

80க்குக் குறைத்து ஆறு நாள் ஆகிறது. ஒரு துண்டிப்பும் இல்லை.

ஆசைக்குக் கேபிளும் போட்டேன். பரணில் கிடந்த பழைய கம்பியைச் சுவரோரமாக இழுத்தேன். ரவுட்டருக்குப் போகும் பிங் 1க்குக் கீழே. ஆனால் வேகப் பரிசோதனையில் 200 காட்டிய இணைப்பு 94ஐத் தாண்ட மறுக்கிறது. வைஃபையில் வைத்தால் மறுபடி 200. இது என்ன புதுக் கூத்து?

#31 ஏழாம்படை

கம்பிக்குள் எட்டு இழை, நான்கு சோடி. கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும், 100க்கு இரண்டே போதும். பழைய கம்பியில் ஏதோ ஒரு சோடி அறுந்திருக்கிறது, அல்லது முனையில் சரியாகப் பிடிக்கவில்லை. இரண்டு முனையும் 100க்கு ஒத்துக்கொண்டு ஓடுகின்றன. 94 என்பது அந்த 100இல் தலைப்புச் செலவு (ஒவ்வொரு பாக்கெட்டோடும் போகிற முகவரி போன்ற தகவல்) போக மிஞ்சுவது. ஆட்டத்துக்கு ஒன்றும் குறையாது. பெரிய அப்டேட் இறங்கும்போதுதான் உறுத்தும். புது முனை அடித்துப் பாருங்கள், இல்லையென்றால் வேறு கம்பி.

#32 தூக்கம்கெட்டவன்

ஒரு முனையில் பழுப்பு இழை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வெட்டிவிட்டுப் புது முனை அடித்தேன். முதல் தடவை நிறவரிசை தவறி இரண்டாம் தடவை சரியாக வந்தது. இப்போது 200 முழுசாக வருகிறது.

மணி 10:12. அக்கா தூங்கிவிட்டாள், போன் சார்ஜில் இருக்கிறது, நேற்றைய விசேஷத்தில் எடுத்த 41 காணொளிகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. பிங் 17. குழுவில் கூப்பிடுகிறார்கள், போய்விட்டு வருகிறேன்.